மாடியில் சட்டி நகரும் சத்தம்

மழை விட்டு வெயில் ஏறுகிற இந்த நாட்களில்தான் செம்பூரில் மொட்டைமாடியில் செடி வைத்திருப்பவர்களுக்குக் கை ஓயாத வேலை. மழைக்காலம் முழுக்க ஊறிக் கிடந்த மண் சட்டிக்குள் களியாகி, வெயில் பட்டதும் செங்கல்லாக இறுகிவிடும். அதைக் கவிழ்த்துக் கொட்டி, உதிர்த்து, காயப் போட வேண்டும். அழுகின வேரை நறுக்க வேண்டும். மல்லிகையையும் மருதாணியையும் கவாத்துப் பண்ண வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகு குளிருக்கென்று கொத்தமல்லி, வெந்தயம், தக்காளி விதை போட வேண்டும். கட்டடத்தில் எல்லாரும் தீபாவளிக்குத் துணி எடுக்க அலையும்போது என் வீட்டுக்காரர் எருமை கட்டுகிற தபேலாவில் சாணிக்கு அலைவார். அவருக்குத் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை. "பட்டறையில தோல் நாத்தம், வீட்டுல சாணி நாத்தம், எனக்கு எப்பதான் அத்தர் வாசம் குடுத்து வச்சிருக்கோ?" என்று வருஷா வருஷம் கேட்பேன். அவர் அதற்கும் சிரிப்பார், எதற்கும் சிரிப்பார், அந்தச் சிரிப்பே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இந்த வருஷம் மழை தொடங்கின வாரத்தில் அவர் மவுத்தாகிவிட்டார். பட்டறைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை.

அன்றிலிருந்து நான் இத்தா இருந்தேன். புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் பெண் வீட்டைத் தாண்டுவதில்லை. அலங்காரம் கிடையாது, வாசனை கிடையாது, அந்நிய ஆண்கள் முன்னால் வருவது கிடையாது. எங்கள் தென்காசிப் பக்கத்து ஜனங்கள் பம்பாய்க்கு வந்து மூன்று தலைமுறை ஆனாலும் இதில் கொஞ்சம் கட்டாகத்தான் இருப்போம். மொட்டைமாடி வீட்டோடு சேர்ந்ததா இல்லையா என்று யாரையாவது கேட்டிருந்தால், போகலாம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அவர் இல்லாத மாடியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அதுதான் நிஜம்.

எங்கள் வீடு கடைசி மாடி. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். என் படுக்கை அறைக்கு நேர் மேலேதான் அவருடைய சட்டிகள். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு அவர் மேலே ஏறினால் லேசில் இறங்க மாட்டார். சாயா போட்டு வைத்துவிட்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் இடிப்பேன். மேலே அவர் கையில் இருக்கிற மண் கரண்டியால் தரையில் இரண்டு தட்டு தட்டுவார். வருகிறேன் என்று அர்த்தம். வர மாட்டார், அது வேறு விஷயம். மறுபடி இடிப்பேன், மறுபடி இரண்டு தட்டு வரும். சாயா ஆறி ஆடை கட்டின பிறகுதான் மனிதர் வந்து சேருவார்.

சட்டியையும் அவர் தட்டுவார். அது வேறு தட்டு. கரண்டியின் மரப்பிடியால் ஒவ்வொரு சட்டியின் வயிற்றிலும் ஒரு தட்டு தட்டிக் காது கொடுப்பார். "டங்குன்னா தாகம், டொப்புன்னா போதும்ளா" என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

இந்தச் சட்டிகளால் எங்களுக்கு ஒரு விரோதியும் இருந்தார். எதிர்வீட்டு சார். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஏதோ ஆபீசில் கணக்குத் தணிக்கை பார்த்து ரிட்டயர் ஆனவர். சட்டித் தண்ணீர் கசிந்து அவர் வீட்டுக் கூரையில் படம் வரைகிறது என்று பத்து வருஷமாகக் கட்டடத்துச் சொசைட்டிக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மேலே போனால் பின்னாலேயே அவரும் போவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று, எந்தச் சட்டியிலிருந்து எவ்வளவு தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் வீட்டு மாமியும் நானும் மட்டும் நடையில் நின்று கறிவேப்பிலையும் ரசப்பொடியும் பரிமாறிக்கொள்வோம். ஆண்கள் சண்டை அவர்களோடு.

இத்தாவில் உட்கார்ந்து ஒரு வாரம் போலிருக்கும். மழை அடித்து ஓய்ந்த ஒரு சாயங்காலம். மகள் தாணேயிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்தாள், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம். அஸர் தொழுது, விரித்திருந்த முசல்லாவை மடித்துக்கொண்டிருந்தேன். கூரையில் சட்டி நகர்ந்தது.

கர்ர் என்று ஒரு இழுப்பு. கொஞ்சம் நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு.

அந்த இழுப்பு எனக்குத் தெரியும். அவரைப் போல முட்டி வலிக்காரர் இழுக்கிற இழுப்பு அது. நனையக்கூடாத சட்டிகளைத் தொட்டியின் நிழலுக்குள் இழுத்துச் செங்கல்மேல் ஏற்றி வைப்பது அவருடைய மழைக்கால வேலை. இழுப்பு முடிந்து, டொப் என்று ஒரு தட்டு. பிறகு அடுத்த சட்டியில் டொப். நான் மடித்த முசல்லாவை மார்போடு பிடித்தபடி நின்றேன். மாடிச் சாவி என் கண்ணுக்கு முன்னால், அவர் சட்டை மாட்டுகிற ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சொசைட்டியில் இன்னொரு சாவி உண்டு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நினைக்கப் பிடிக்கவில்லை.

உடம்பை விட்டுப் போன ரூஹு திரும்பி வந்து சட்டி நகர்த்தாது என்பதும் தெரியும். சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்ததுதான். புத்திக்கு ஓதிக் கொடுத்துவிட்டார்கள், காதுக்கு யார் ஓதிக் கொடுப்பது? நான் பாட்டுக்கு அடுப்படிக்குப் போய் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தேன். இரண்டு கிளாஸ் தண்ணீர். கொதித்த பிறகுதான் உறைத்தது. ஒன்றைக் குடித்து, இன்னொன்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். மறுநாளும் இரண்டு கிளாஸ்தான் வைத்தேன். அந்தக் கை அப்படியே பழகிக் கிடந்தது.

மகளிடம் சொன்னேன்.

"அரே உம்மா, எலியா இருக்கும்" என்றாள்.

"ஏட்டி, எலி சட்டியத் தட்டித் தட்டிப் பார்க்குமா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டென்ஷன் எடுக்காதீங்க உம்மா. இத்தா முடிஞ்சதும் தாணேக்கு வந்துருங்க. இந்த வீட்டப் பூட்டிரலாம். ஒத்தையில இங்க எதுக்கு?" என்றாள். ஒத்தையில் யார் இருக்கிறார்கள், நானா? நான் தாணேக்குப் போய்விட்டால் மேலே இருக்கிறவர் அல்லவா ஒத்தையாகிவிடுவார்? இதை வெளியே சொன்னால் அவள் அன்றைக்கே என்னை டாக்டரிடம் கொண்டுபோயிருப்பாள். வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்தச் சத்தத்துக்காகவே என் நாள் விடிந்தது. தினமும் வராது. அடைமழை பெய்தால் வராது. மழை விட்ட சாயங்காலங்களில் வரும். சட்டியின் அடித் துவாரம் அடைத்துக்கொண்டால் அவர் சைக்கிள் கம்பியை விட்டுக் குடைவார், அந்தக் கறகறப்புகூட எனக்குக் கேட்டது. நான் கட்டிலில் படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, அவர் எந்தச் சட்டியில் இருக்கிறார் என்று பின்தொடர்வேன். இப்போது கறிவேப்பிலை. இப்போது மல்லிகை. இப்போது கற்றாழை. உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது இப்படி அவர் கூடவே போயிருக்கிறேனா? சாயா ஆறுகிறதே என்று கத்தத்தான் தெரிந்தது.

பிறகு வாசனை வந்தது. மருதாணிப் பூவின் வாசனை. எங்கள் மருதாணியை அவர் பூக்க விட்டதே இல்லை. வருஷத்தில் இரண்டு முறை வெட்டுவார். மழை முடிந்து வெட்டுவது எனக்கான வெட்டு. பட்டறையிலிருந்து தோல் வெட்டும் பெரிய கத்தரியைக் கொண்டு வருவார். என்னைத் தட்டோடு மாடிக்கு வரச் சொல்வார். அவர் வெட்ட வெட்ட நான் இலை உருவுவேன். அன்றைக்கே அம்மியில் அரைத்துப் போட்டுக்கொள்வேன். பேரன் எடுக்கிற வயதில் என்னத்துக்கு இதெல்லாம் என்றால், "எனக்குப் பார்க்கணும்ளா" என்பார். இந்தக் கோடையில் வெட்ட மறந்தாரோ, முடியவில்லையோ, அது ஓங்கி வளர்ந்து பூத்துவிட்டது போலிருக்கிறது. இத்தாவில் நான் அத்தர் பூசக்கூடாது. ஜன்னல் வழியாக இறங்கி வருகிற வாசனையை நான் என்ன செய்ய? ஜன்னலைச் சாத்தினேன். பிறகு நானே திறந்தேன்.

ஒருநாள் தாங்க முடியவில்லை. கூரையில் இழுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒட்டடைக் கம்பை எடுத்தேன். இதற்குப் பதில் வந்தால் என்ன செய்வேன், வராவிட்டால் என்ன செய்வேன் என்று ஒன்றும் யோசிக்கவில்லை. இடித்தேன்.

மேலே சத்தம் நின்றது.

நான் கம்பைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றேன். ஒட்டடையும் சுண்ணாம்பும் முகத்தில் உதிர்ந்தன. அவரும் மேலே அசையாமல் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கூரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் ஒரு முழம் கான்கிரீட். இரண்டு தட்டு. அது போதும் எனக்கு. கேட்டுக்கொண்டே நின்றேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நடை விலகிப் போகிற மாதிரி இருந்தது, அதுவும் நிச்சயமில்லை. அன்றைக்கு நான் அழுத அழுகையை அவரை எடுத்துக்கொண்டு போனபோதுகூட அழவில்லை. அப்புறம் கம்பைத் தொடவே இல்லை. அடுத்த சாயங்காலம் சத்தம் வந்தது, அல்ஹம்துலில்லாஹ் என்று படுத்துக் கேட்டேன்.

இத்தா முடிந்தது. மகள் தாணேக்கு என் துணிகளைக் கட்ட ஆரம்பித்தாள். வெயில் அதற்குள் பற்ற ஆரம்பித்திருந்தது. முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் கூரையில் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என் காவல் முடிந்தது என்று அவரும் போய்விட்டாரா? ஒரு வார்த்தை சொல்லாமலா? செருப்பு மாட்டக் குனிந்தபோதும் சொல்லவில்லை, இப்போதும் இல்லை. எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. நாலாம் நாள் மத்தியானம் ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். தோல் கத்தரியை எடுத்தேன். தட்டையும் எடுத்துக்கொண்டு படியேறினேன்.

கதவைத் திறந்ததும் வெயில் கண்ணில் அறைந்தது. கண் பழகிய பிறகு பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கற்றாழையும் ரோஜாவும் தொட்டியின் ஓரத்தில், செங்கல்மேல். மல்லிகையில் பழுத்த இலை ஒன்றில்லை. கறிவேப்பிலைச் சட்டியில் சைக்கிள் கம்பி குத்தி நின்றது, நுனியில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில் மண் கரண்டி. மழை முழுக்க ஒரு மனிதன் இங்கே வேலை பார்த்திருக்கிறான். மருதாணி மட்டும் வெட்டாமல், என் தலைக்கு மேல் வளர்ந்து, வெள்ளைப் பூவாக நின்றது.

"இஞ்சேருங்க" என்று அவரைக் கூப்பிட்டுவிட்டேன். வாய் விட்டு, சத்தமாக.

பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

திரும்பினேன். கதவண்டை எதிர்வீட்டு சார் நின்றுகொண்டிருந்தார். கையில் இன்னொரு சாவி.

"நான்தான்" என்றார். "கதவு திறக்கற சத்தம் கேட்டுது. இத்தனை நாளும் நான்தான் பண்ணிண்டிருந்தேன். நீங்க இத்தா இருக்கச்சே வந்து கதவைத் தட்டிச் சொல்றது சரியில்லையோன்னோ. இத்தா முடிஞ்சுதுன்னு ஆத்துல சொன்னா. இனிமே உங்க சொத்து, நான் தொடப்படாதுன்னு நிறுத்திட்டேன்."

"மாமிட்ட சொல்லி விட்டிருக்கலாம்லா?"

"அவளுக்கும் தெரியாது. வாக்கிங்னு சொல்லியிருந்தேன். எடுக்கச் சொல்லிப் பத்து வருஷமா கம்ப்ளெய்ன்ட் எழுதினவன் அதே சட்டிக்குக் காவல் இருக்கேன்னா சிரிக்க மாட்டாளா?"

மழையில் என்ன வாக்கிங்கோ, சேற்றுக் காலோடு வருகிறார் என்று மாமி என்னிடமே அலுத்துக்கொண்டிருக்கிறாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "யாரு கேட்டா உங்கள?" என்று கத்தினேன். "செடிதான செத்தா செத்துட்டுப் போவுது! கீழ ஒருத்தி படுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கான்னு தெரியாதா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரர்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

அவர் தொட்டியின் படியில் அப்படியே உட்கார்ந்தார். நானும் கையில் இருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டு, மண்ணென்றும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தேன். இவர்தான் என்றால் அவர் இல்லை. மழை முழுக்க அவர் இல்லை. ஒரு நாள்கூட இல்லை. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் எனக்கு மவுத்தானார்.

சார் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துது. ஒழிஞ்சுது, இனி கசியாதுன்னு. பாய் போனப்புறம் ஒருநாள் மேல வந்து நின்னேன். பார்க்க ஒண்ணும் இல்லை. ஜலம் எல்லாச் சட்டியிலயும் கட்டி நிக்கறது. எனக்கே பொறுக்கலை. பத்து வருஷம் தினம் பார்த்திருக்கேனே, எந்தச் சட்டி எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும்."

"தட்டுனீங்களே. அது எதுக்கு?"

"பாய் தட்டுவார். அதனால நானும் தட்டினேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

சிரிப்பு வந்தது எனக்கு. அழுதுகொண்டே சிரித்தேன். டங்குன்னா தாகம், டொப்புன்னா போதும் என்று அவருக்குச் சொன்னேன். அவர் தணிக்கைக்காரர் மாதிரியே தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"மருதாணிய ஏன் விட்டுட்டீங்க?"

"அது வெட்டற அன்னிக்கு நீங்க தட்டோட மேல வருவேள். அதுல நான் எப்படிக் கை வைக்கறது?" எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்லணும். ஆடி மாசம் ஒருநாள் கீழேர்ந்து இடிச்சேள்."

நான் கீழே போட்ட தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பதிலுக்கு ரெண்டு தட்டு தட்டணும்னு எனக்குத் தெரியும். எங்காத்து வரைக்கும் கேக்குமே அது. கரண்டி கையிலதான் இருந்துது. தரை வரைக்கும் கொண்டு போயிட்டேன். தட்டலை. அது பாயோடது. நான் தட்டினா அது பொய்யாப் போயிடும்."

அவர் இறங்கிப் போனார். அன்றைக்கு அவர் அந்தக் கரண்டியைத் தட்டியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாகிற வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்திருப்பேன். பத்து வருஷம் எங்களோடு சண்டை போட்ட மனிதர் அதைச் செய்யாமல் விட்டார். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மருதாணியை நானே வெட்டினேன். தோல் கத்தரி கனத்தது, அதை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கே வெட்ட வேண்டும் என்று தெரியாமல் கணுவுக்கு மேலேயும் கீழேயும் வெட்டினேன். என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பூவெல்லாம் தலையில் உதிர்ந்தது. இலையை உருவித் தட்டில் சேர்த்தேன். அரைத்துப் போடுவேனா, மாமிக்குக் கொடுத்துவிடுவேனா என்று முடிவு செய்யவில்லை. தாணேக்குப் போவேனா என்பதும் அப்படித்தான். ஆனால் போனாலும், மேலே ஒருவரை ஒத்தையாக விட்டுவிட்டுப் போகிறேன் என்று இனி ஆகாது.

வெயில் தாழ்ந்திருந்தது. அஸர் பாங்கு எங்கிருந்தோ மெல்லக் கேட்டது. என் அறைக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தேன். கீழே யாரும் இல்லை, மகள்கூட வந்திருக்க மாட்டாள். இருந்தாலும் ஆடியில் ஒருத்தி அங்கே கம்பைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சுண்ணாம்பாக, அண்ணாந்து நின்றாளே. அவளுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லாமல் போயிற்றே. கரண்டியைத் திருப்பிப் பிடித்துத் தரையில் இரண்டு தட்டு தட்டினேன்.

பிறகு இறங்கிப் போய்த் தொழுதேன். சாயாவுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் அளந்து வைத்தேன்.